புகையும் பழியும் – ஓர் அறவியல் நோக்கு

கொன்றவனுக்கு மட்டுமா பழி, கொன்றதை விலைகொடுத்து வாங்கி உண்டவனுக்கும் அதிலே பங்கு உண்டா என்னும் வினா தமிழிலே மிகப் பழையது. சமணரும் பௌத்தரும் தம்முள் வாதிட்ட காலத்தில் இது வெறும் உணவு பற்றிய வினாவாக இருக்கவில்லை. ஒருவனுடைய செயல் எங்கே முடிகிறது, பிறர் கைகள் பலவற்றினூடாகச் சென்று அதன் விளைவு தோன்றும்பொழுதும் அது அவனுடைய செயல்தானா என்பதே அங்கு ஆராயப்பட்டது. பிச்சையேற்று வாழும் துறவி, தனக்கென உயிர் கொல்லப்பட்டதைக் கண்டிராவிடின், கேட்டிராவிடின், ஐயுறவும் இடமில்லாவிடின், கலத்தில் இடப்பட்ட ஊனை ஏற்பதிற் குற்றமில்லை என்பது பௌத்த விநய விதி. இட்டதை மறுக்காது ஏற்பவனுக்காக ஏற்பட்ட விதி அது. அதற்குரிய நியாயமும் அதற்கு உண்டு. நீலகேசிக் காப்பியத்திலே சமணத்தின் சார்பில் வாதிடும் நீலகேசி இதனை ஒப்புக்கொள்வதில்லை. உண்பவன் இருப்பதனாலேயே கொல்பவன் இருக்கிறான் என்பது சமணர் கட்சி. வள்ளுவரும் புலால் மறுத்தல் அதிகாரத்திலே, வாங்குவோர் இல்லையாயின் விற்போரும் இலராவர் என்னும் காரணத்தையே எடுத்துக் காட்டுகின்றார். இதற்கும் அப்பாற் சென்று, செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என வினையைச் சமணர் மூன்றாக வகுத்தனர்.

வகுப்பறையிலே இவ்வாதங்களைப் படித்தபொழுது, இவை என்றோ தீர்ந்துபோன வழக்குகள் என்றே நான் எண்ணினேன். எம் காலத்துத் தீங்கு ஒன்றை அறிய நேர்ந்த பின்னரே அவ்வழக்கு இன்னும் தீர்க்கப்படவில்லை என்பது புலனாயிற்று. அத்தீங்கிற் கத்தியும் இல்லை, குருதியும் இல்லை. அது ஒரு புகை. பெருநகரங்களின் ஓரங்களிலே, பழுதடைந்த கணினிகளையும் தொலைக்காட்சிப் பெட்டிகளையும் உடைத்து, அவற்றின் கம்பிகளைத் திறந்த வெளியில் எரித்துச் செம்பு பிரித்தெடுப்பதனால் எழும் புகை. சீனத்தின் குயியூவிலும், தில்லியையடுத்த மண்டோலியிலும், வேறு பல இடங்களிலும் இத்தொழில் நடந்துள்ளது. எல்லாவற்றையும் தொட்டுச் செல்வதிலும் ஓர் இடத்தை நின்று நோக்குவதே பயனுடைத்து. ஆதலின் கானா நாட்டின் தலைநகராகிய அக்ராவை இக்கட்டுரைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

அக்ரா நகரின் நடுவே ஓடாவ் ஆறு கோர்லே களப்பை நோக்கிச் செல்லும் இடத்திலே அக்பொக்புளோஷி என்னும் பகுதி உண்டு. வெங்காயமும் தக்காளியும் கிழங்கும் மலைபோற் குவியும் சந்தை ஒன்று அங்கே இருந்தது. சந்தைக்கு அணித்தாக, 2021ஆம் ஆண்டு வரை, பழைய உலோகப் பொருட்களை வாங்கிப் பிரித்து விற்கும் பெருந்தொகுதி ஒன்று இயங்கிவந்தது. அதனையொட்டியிருக்கும் குடியிருப்பு ஓல்ட் பதாமா எனப்படும். கானாவின் வடபகுதியில் 1994இலே கொன்கொம்பா, நனும்பா இனக்குழுக்களிடையே மூண்ட போரினால் ஊரை விட்டு ஓடிவந்தோர் பலர் அங்கு குடியேறினர். இடம்பெயர்ந்தோர் என்ற சொல்லுக்கு எம்மவர்க்கு உரை வேண்டியதில்லை. பின்னர் வந்தோரிற் பெரும்பாலார் வறுமையால் வந்தோர். ஆண்டுக்கு ஒரு மழைக்காலமே உள்ள வறண்ட வடபுலத்திலிருந்து, விதைப்பும் அறுவடையும் இல்லாத மாதங்களிலே வேலை தேடித் தெற்கே இறங்கும் இளைஞர் அவர்கள். இரும்புத்தொகுதியில் உழைத்தோர் சில ஆயிரவர். அவருட் பெரும்பாலார் வடபுலத்தவரே.

அவர்களுடைய தொழிலிற் பெரும்பகுதி புகை இல்லாதது என்பதை முதலிற் சொல்லவேண்டும். சுத்தியலும் உளியும் கொண்டு பெட்டிகளை உடைப்பர். இரும்பு, அலுமினியம், செம்பு, பிளாஸ்ரிக் என இனம் பிரிப்பர். திருத்தக்கூடியதைத் திருத்துவோரிடம் கொடுப்பர். அறிவும் பழக்கமும் வேண்டிய தொழில் இது. கம்பியிலிருந்து செம்பை எடுக்கும் கட்டத்திலேதான் நெருப்பு வந்து சேர்கிறது. தடித்த கம்பியின் உறையைக் கத்தியால் உரிக்கலாம். மயிர்போல் மெல்லிய கம்பிகளை ஒவ்வொன்றாக உரிக்க ஒரு நாள் போதாது. எரித்தாற் சில நிமிடங்களிலே செம்பு கையில் இருக்கும். எனவே கம்பிகளைச் சுருட்டிப் பந்தாக்கி, பழைய ரயர்த் துண்டுகளையும் குளிர்சாதனப் பெட்டியின் சுவருக்குள் இருக்கும் நுரைப்பஞ்சையும் எரிபொருளாக இட்டு மூட்டுவர். கோலினாற் புரட்டுவர். உறை உருகிக் கருகி நீங்கியபின் நீரூற்றித் தணித்து, நிறுத்து விற்பர். கரும்புகை சந்தைக்கும் குடியிருப்புக்கும் மேலாகச் சென்றுவிடும்.

இப்புகையின் தன்மையைச் சற்று விளங்கிக்கொள்ளாமல் அறம் பற்றிப் பேசுவது வெறும் இரக்கவுரையாகிவிடும். கம்பிக்கு உறையாக இருப்பது பெரும்பாலும் பி.வி.சி. என்னும் பிளாஸ்ரிக்காகும். கலப்பில்லாத பி.வி.சி.யின் எடையிலே பாதிக்கு மேற்பட்டது குளோரின். அது வெப்பத்திற் சிதையாதிருக்க நெடுங்காலமாக ஈயச் சேர்வைகள் சேர்க்கப்பட்டு வந்தன. இந்த உறை முற்றாக எரியாது புகையும்பொழுது, காபனும் குளோரினும் கூடி டயொக்சின் என்னும் நச்சுச் சேர்வைகள் உருவாகின்றன. அக்கூட்டத்தை விரைவுபடுத்தும் ஊக்கியாகத் தொழிற்படுவது செம்பு. எந்தச் செம்புக்காக நெருப்பு மூட்டப்படுகிறதோ அந்தச் செம்பே நஞ்சையும் விளைவிக்கிறது. ஏறத்தாழ 200 முதல் 450 பாகை செல்சியசு வரையுள்ள வெப்பம் இதற்கு மிகவும் வாய்ப்பானது. நன்கு அமைந்த மூடிய உலையில் 850 பாகைக்கு மேல் எரித்து, வெளியேறும் வாயுவை விரைந்து குளிர்த்தி வடிகட்டுவர். தரையில் எரியும் நெருப்புக்கு இவற்றுள் எதுவும் இல்லை. மின்சுற்றுப் பலகைகளும் சேர்ந்து எரிந்தால், அவை தீப்பற்றாதிருப்பதற்கெனச் சேர்த்த புரோமின் சேர்வைகளிலிருந்து இதையொத்த வேறு நஞ்சுகள் பிறக்கின்றன. ஒரு கருவியைத் தீயிலிருந்து காக்கவென்று இட்ட பொருள் அக்கருவியின் ஈமத்தீயிலே நஞ்சாகிறது.

டயொக்சின் காற்றோடு போய்விடுவதன்று. சாம்பலோடு மண்ணிற் படிந்து, மண்ணைக் கிளறும் கோழியின் கொழுப்பிற் சேர்ந்து, முட்டைக்குச் செல்கிறது. மனித உடலிற் புகுந்தால் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 7 முதல் 11 ஆண்டுகள் செல்லும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 2019இலே ஐ.பி.ஈ.என்., பாசல் செயற்பாட்டு வலையமைப்பு என்னும் இரு அமைப்புகள், அக்பொக்புளோஷியில் மேய்ந்த கோழிகளின் முட்டைகளைச் சோதித்து அறிக்கையிட்டன. அத்தகைய முட்டை ஒன்றை உண்ணும் வளர்ந்த ஒருவர், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை ஒரு நாளுக்கு ஏற்கத்தக்கதென வகுத்த டயொக்சின் அளவை 220 மடங்கு மீறுவார் என்பது அதன் முடிவு. கிறீன்பீஸ் அமைப்பு 2008இல் அங்கிருந்து எடுத்த மண் மாதிரிகளிற் சிலவற்றில், ஈயம் உள்ளிட்ட உலோகங்கள் சாதாரண மண்ணில் உள்ளதிலும் நூறு மடங்குக்கு மேல் இருந்தன. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைத் தாக்குவது. அதற்குத் தீங்கில்லாத அளவு என ஒன்று கண்டறியப்படவில்லை. சீனத்துக் குயியூவில் 2004இல் 165 சிறுவரின் குருதி ஆராயப்பட்டபோது, பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல், அக்காலத்து எல்லையாகிய 10 மைக்குரோகிராமுக்கு மேற்பட்ட ஈயம் ஒவ்வொரு டெசிலீற்றர் குருதியிலும் காணப்பட்டது.

இனி எமது வினாவுக்கு வருவோம். இப்புகையின் பழி யாருக்கு?

சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியே பிடித்து விசாரித்தால் ஒவ்வொருவரும் நிரபராதியாகவே நிற்பர். ஐரோப்பாவில் ஓர் அலுவலகம் தன் கணினிகளை மாற்றுகிறது. பழையவற்றைக் குப்பையில் எறியாமற் பிறர் பயன்பாட்டுக்கு விடுகிறது. நற்செயல் என்றே சொல்லலாம். வணிகன் அவற்றைக் கொள்கலனில் ஏற்றித் தேமா துறைமுகத்துக்கு அனுப்புகிறான். அக்ராவிலே புதியது வாங்க வசதியற்ற ஆசிரியர் ஒருவர் அதனை வாங்குகிறார். அவர் பிள்ளைகள் அதிலே படிக்கின்றனர். பழுதானால் ஒருவன் திருத்துகிறான். மீண்டும் பழுதானால் மீண்டும் திருத்துகிறான். இனித் திருத்தவே இயலாது என்ற நிலையிற் கைவண்டிக்காரன் வந்து சில காசுக்கு வாங்கிச் செல்கிறான். இவர்களிலே யாரைக் குற்றவாளி என்பது? எஞ்சுவது நெருப்பின் அருகே கோலுடன் நிற்கும் இளைஞன். கண்ணுக்குத் தெரியும் ஒரே குற்றவாளி அவனே. அந்நஞ்சை முதலில் உட்கொள்பவனும் அவனே.

இவ்விடத்து ஒரு திருத்தம் அவசியம். மேலைநாட்டுப் பத்திரிகைகளும் புகைப்படக்காரரும் அக்பொக்புளோஷியை உலகின் மிகப் பெரிய இலத்திரனியற் குப்பைமேடு என வருணித்தனர். செல்வநாடுகள் கப்பல் கப்பலாகக் குப்பையைக் கொண்டுவந்து கொட்டுவதுபோன்ற ஒரு சித்திரம் எழுந்தது. அங்கு சென்று ஆராய்ந்தோர் பலர் இதனை மறுத்துள்ளனர். பாசல் உடன்படிக்கைச் செயலகம் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2009இலே கானாவுக்கு இறக்குமதியான மின், இலத்திரனியற் பொருட்கள் ஏறத்தாழ 215,000 தொன். அவற்றுட் பத்தில் ஏழு பங்கு பழையவை. அப்பழையவற்றிலும் பத்தில் மூன்று பங்கே இயங்காத நிலையில் வந்தன. அவற்றிலும் பாதி உள்ளூரிலே திருத்தப்பட்டு விற்பனையாயின. அதாவது எரிந்தவற்றிற் பெரும்பாலானவை, அக்ராவின் வீடுகளிலும் அலுவலகங்களிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்து மாண்ட பொருட்களே. சோகச் சித்திரம் சற்று மங்கினாலும் உண்மையை ஒளிக்கலாகாது. ஒரு வகையில் இவ்வுண்மை அறவினாவைக் கடினமாக்குகிறது. குப்பையைக் கொட்டியவன் ஒருவன் இருந்திருப்பின், அவனைச் சுட்டிக்காட்டிவிட்டு நாம் எழுந்து போயிருக்கலாம்.

மீண்டும் நீலகேசியின் வாதத்தை இங்கே பொருத்திப் பார்ப்போம். ஊன் உண்பவன் ஊனை விரும்புகிறான். கொலை அவ்விருப்பத்தின் விலை. ஆனாற் கணினியை எறிபவன் புகையை விரும்புவதில்லை. அவன் வாங்கியது கணினி. புகை அதன் வால். எனவே வாங்குவோன் இல்லையேல் விற்போனும் இல்லை என்னும் வாதம் இங்கு செல்லாது என ஒருவர் கூறலாம். நானும் சிறிது காலம் அவ்வாறே எண்ணினேன். இவ்வெண்ணத்திற் செம்பு மறந்துபோகிறது. அந்த இளைஞன் புகையை உண்டாக்குவதற்காக எரிக்கவில்லை. செம்புக்கு விலை இருப்பதனால் எரிக்கிறான். எரிந்து கருகிய அந்தச் செம்பு இடைத்தரகர் கையேறி, ஏற்றுமதியாகி, எங்கோ ஓர் உருக்காலையில் ஏனைய செம்போடு கலந்து, மீண்டும் கம்பியாகவும் கருவியாகவும் உலகச் சந்தைக்கு வருகிறது. எது எரித்தெடுத்த செம்பு, எது சுரங்கத்துச் செம்பு என்று எவராலும் இனம் காண முடியாது. ஆகவே வாங்குவோன் இருக்கவே இருக்கிறான். தான் வாங்குவதை அறியாதவனாக இருக்கிறான். சந்தை செம்பை எடுத்துக்கொள்கிறது, புகையைப் பிறந்த இடத்திலேயே விட்டுச்செல்கிறது. கருவியின் விலையிற் சுரங்கக்காரன் கூலியும், கப்பற் கூலியும், விளம்பரச் செலவும் சேர்ந்துள்ளன. அக்கோழி முட்டை அதிற் சேரவில்லை.

இதற்கு எதிராக அடிக்கடி கேட்கும் வாதம் ஒன்று உண்டு: அவன் தானாக விரும்பிச் செய்யும் தொழில் அது, ஊருக்குப் பணம் அனுப்புகிறான், வேறு வேலை வேண்டுமாயிற் செய்யட்டும். ஜோன் ஸ்ருவட் மில் 1859இல் எழுதிய சுதந்திரம் பற்றிய நூலின் கொள்கையை இதற்குத் துணையாகக் கொள்வாரும் உளர். தனக்குத்தானே விளைக்கும் தீங்கில் ஒருவனைத் தடுக்கச் சமூகத்துக்கு உரிமை இல்லை என்பது அதன் சாரம். ஆயின் அக்கொள்கையே இங்கு எதிர்ப்பக்கம் சாய்கிறது. புகை எரிப்பவனோடு நிற்பதில்லை. சந்தையில் வெங்காயம் விற்கும் பெண்ணும், அவள் முதுகிற் கட்டியிருக்கும் குழந்தையும் எந்த ஒப்பந்தத்திலும் ஒப்பமிட்டவர் அல்லர். இனி, எரிப்பவனின் விருப்பம் என்பதுதான் யாது? பசிக்கும் புகைக்கும் இடையே நிறுத்தப்பட்டவன் புகையைத் தெரிந்தெடுத்தால், அத்தெரிவு அவனுடைய அறிவைக் காட்டும். அவனை அந்த இடத்திலே நிறுத்தியவர்களை அது விடுவிக்காது. அதே சமயம் அவனை வெறும் பலியாளாக மட்டும் எண்ணுவதும் ஒருவகை அவமதிப்பாகும் என நினைக்கிறேன். பிறர் வீசியதிலிருந்து பொருளைக் கண்டெடுக்கும் அவனுடைய உழைப்பு உலகுக்குத் தேவையான உழைப்பு. அவ்வுழைப்பை நஞ்சில்லாமற் செய்ய வழியிருந்தும் அவ்வழியின் செலவை எவரும் ஏற்காமையே அநீதி.

வழி இருந்ததா என்றால், இருந்தது. 2014இலே சூழல் அமைப்பொன்றின் முயற்சியால் கம்பியுரிக்கும் பொறிகள் அக்பொக்புளோஷியில் நிறுவப்பட்டன. தடித்த கம்பிக்கு அவை பயன்பட்டன. மெல்லிய கம்பி தொடர்ந்து நெருப்புக்கே சென்றது. அதை உரிப்பதிற் செல்லும் நேரத்துக்குக் கூலி கொடுப்பார் இல்லை. பிற்காலத்தில் ஜேர்மன் உதவியுடன் பயிற்சி நிலையம் ஒன்று அங்கு அமைந்தது; எரிக்காத கம்பியைக் கூடிய விலைக்கு வாங்கும் ஏற்பாடும் தொடங்கப்பட்டது. என் பார்வையிலே இந்த இறுதி ஏற்பாடே பிரச்சினையின் நரம்பைத் தொட்டது. எரிக்காதே என்று போதிப்பதிலும், எரிக்காமைக்கு விலை கொடுப்பது வேறு. போதனையிற் செலவு கேட்பவனுடையது. இதிற் செலவு கொடுப்பவனுடையது.

ஆயினும் புகையை ஒழிப்பதற்கு மேற்கொள்ளப்பட்ட மிகப் பெரிய நடவடிக்கை வேறொன்று. 2021ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி, அதிகாரிகள் காவற்படையுடனும் மண்வாரிப் பொறிகளுடனும் வந்து அவ்விரும்புத்தொகுதியைத் தரைமட்டமாக்கினர். வெங்காய வணிகர் நகருக்கு வெளியே அஜென் கொட்டோக்கு என்னும் இடத்துக்கு மாற்றப்பட்டனர். நகரைத் தூய்மையாக்கி ஒழுங்குபடுத்துவதே நோக்கம் எனக் கூறப்பட்டது. நிலம் தூய்மையாகத்தான் தோன்றியது. உடைப்பதும் எரிப்பதும் நிற்கவில்லை. ஓல்ட் பதாமாவின் ஒழுங்கைகளுக்குள்ளும் நகரின் வேறு இடங்களுக்கும் சிதறிச் சென்றன. ஓரிடத்தில் இருந்தபோது அளக்கவும் உதவவும் கூடியதாக இருந்த புகை, சிதறியபின் குடிசைகளுக்கு இன்னும் அண்மையில் வந்தது. புகையை அகற்றுவதாகச் சொல்லி மனிதரை அகற்றிய கதை இது. சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும் வெட்டினாற் சங்கிலி அறுந்துவிடும் என எண்ணுவோர், மற்றக் கண்ணிகளைப் பார்க்க விரும்பாதோரே.

இதே தொழில் பெல்ஜியத்தில் நடக்கும் விதத்தை ஒப்புநோக்கலாம். அந்துவெர்ப் நகரையடுத்த ஹோபோக்கனிலே பெரும் உருக்காலை ஒன்று பழைய மின்சுற்றுப் பலகைகளிலிருந்து பொன்னும் செம்பும் பிறவும் பிரித்தெடுக்கிறது. மூடிய உலை, வடிகட்டி, கண்காணிப்பு எல்லாம் அங்கே உண்டு. எனினும் அங்கும் காற்று முற்றாகத் தூய்மையாகிவிடவில்லை. 2020இல் அயலிலுள்ள குழந்தைகளின் குருதியில் ஈயம் கூடியிருப்பது தெரியவந்தது. அக்குழந்தைகளின் குருதி காலந்தோறும் அளக்கப்பட்டு வந்தமையாற் றெரியவந்தது. அதன்பின், விரும்பிய அயலவரின் வீடுகளை விலைகொடுத்து வாங்கி, இடையில் பசுமை வலயம் அமைக்க அந்த ஆலை முன்வந்தது. இதுவும் குறையற்ற நீதியன்று. பிறந்த வீட்டை விட்டுப் போகும் துயரம் எந்நாட்டவர்க்கும் ஒன்றே. எனினும் ஓரிடத்திற் குருதி அளக்கப்படுகிறது, வீடு விலைபேசப்படுகிறது. மற்ற இடத்தில் மண்வாரிப் பொறி வருகிறது. நஞ்சு ஒன்றுதான். ஒருவனுடைய உயிர் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறதா இல்லையா என்பதே வேறுபாடு.

சட்டங்கள் இல்லாமலில்லை. நச்சுக் கழிவுகள் எல்லை கடப்பதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கை 1989இல் நிறைவேறி 1992இல் நடைமுறைக்கு வந்தது. ஐக்கிய அமெரிக்கா அதில் ஒப்பமிட்டும் இன்றுவரை அதனை உறுதிப்படுத்தவில்லை. ஆபிரிக்க நாடுகள் 1991இலே தமக்கெனப் பமாகோ உடன்படிக்கையைச் செய்துகொண்டன. கானா 2016இல் இலத்திரனியற் கழிவு பற்றிய சட்டத்தை இயற்றி, இறக்குமதியாகும் கருவிகள்மீது மீள்சுழற்சிக்கான கட்டணத்தை விதித்தது. 2025 சனவரி முதலாந் திகதி தொடக்கம், நச்சுத்தன்மை உள்ளதாயினும் இல்லதாயினும் எல்லா இலத்திரனியற் கழிவுகளும், பெறும் நாட்டின் முன்னிசைவு இன்றி எல்லை கடக்கலாகாது எனப் பாசல் விதிகள் திருத்தப்பட்டுள்ளன. இவை வேண்டியனவே. ஆயின் இவை கழிவைக் கட்டுப்படுத்துவன. இன்று இயங்கும் கணினியோ கழிவன்று. ஐந்தாண்டு கழித்து அது கழிவாகும்பொழுது எந்த எல்லையையும் கடக்கவேண்டியதில்லை. ஏற்கெனவே அக்ராவில் இருக்கும். 2022இல் உலகிலே உண்டான இலத்திரனியற் கழிவு 62 மில்லியன் தொன் என்றும், அதில் முறைப்படி சேகரித்து மீள்சுழற்சிக்குட்பட்டதாகப் பதிவானது 22.3 வீதம் என்றும் ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் அறிக்கை கூறுகிறது. எஞ்சியதன் வழியைச் சட்டம் அறியாது.

தனிமனிதனின் எண்ணத்தைக் கொண்டே குற்றத்தை அளக்கும் அறவியல் இவ்விடத்திற் கைவிட்டுவிடுகிறது என்பது என் கருத்து. தீய எண்ணம் எவருக்கும் இல்லை. தீமை மட்டும் உண்டு. ஏங்கெல்சு 1845இலே இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை பற்றி எழுதியபோது இத்தகைய மரணத்துக்குச் சமூகக் கொலை என்று பெயரிட்டார். தொழிலாளர் அகால மரணத்துக்கு ஆளாகும் நிலைமைகளைத் தெரிந்துகொண்டே தொடரவிடும் சமூகம் கொலையே செய்கிறது. கொலையாளி தனியொருவனாக இல்லாமையாற் கொலை கொலையாகத் தோன்றுவதில்லை என்பது அவர் வாதம். அதன் வலிமையை ஒப்புக்கொள்ளும் அதே வேளை, எல்லோருக்கும் பழி என்றால் எவருக்கும் பழி இல்லை என்றாகிவிடும் ஆபத்தையும் மறுப்பதற்கில்லை. அமெரிக்க மெய்யியலாளரான ஐரிஸ் மரியன் யங், பழி வேறு, பொறுப்பு வேறு எனப் பிரித்தார். அநீதியான ஓர் அமைப்பிலே பங்குகொண்டு வாழ்வோர் யாவருக்கும் அதனை மாற்றும் பொறுப்பு உண்டு. யாருக்கு எவ்வளவு என்பது அவரவர் கையிலுள்ள ஆற்றலையும், பெறும் சலுகையையும், நலனையும், கூட்டாக இயங்கும் வாய்ப்பையும் பொறுத்தது என்றார். இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கினால், திருத்த முடியாதவாறு பசையிட்டு ஒட்டிய கருவியைச் செய்து விற்கும் நிறுவனம் முதலிலும், அதனிடம் கழிவின் செலவை அறவிடாத அரசுகள் அடுத்தும், நெருப்பருகே நிற்பவன் கடைசியிலும் நிற்பர். 2021இல் தண்டனை இவ்வரிசையின் கடைசியிலிருந்து தொடங்கியது, முதலை எட்டவேயில்லை.

எம் போன்றோர் இவ்வரிசையில் எங்கே நிற்கிறோம்? பிச்சைக்கலத்து விதியின் மூன்று நிபந்தனைகளையும் நினைத்துப் பார்க்கிறேன். காணவில்லை, உண்மையே, கடல்கடந்த அக்ராவை நான் கண்டதில்லை. கேட்கவில்லை என்று இனிச் சொல்ல முடியாது. ஐயுறவில்லை என்று சொல்வதாயின், ஐயுறாதிருக்க வலிந்து முயன்றிருக்க வேண்டும். அவ்விதி அறியாமல் ஏற்றவனைக் காப்பது; அறியாமையைத் தேடிக்கொள்பவனை அது காக்கும் என நான் எண்ணவில்லை. மேலும் நாம் கொடுக்கும் நாட்டவரும் அல்லர், முற்றாகப் பெறும் நாட்டவரும் அல்லர். பிரித்தானியாவிலிருந்து வந்த 263 கழிவுக் கொள்கலன்கள் நீண்டகாலம் இலங்கையில் கிடந்து, வழக்குத் தொடுத்தபின், 2022 பெப்புருவரி அளவிலேயே முழுதும் திருப்பி அனுப்பப்பட்டதை நாம் அறிவோம். அன்று நாம் நியாயமாகவே சினந்தோம். எமது வீட்டுப் பழங்கணினி எங்கே போகிறது என்று அச்சினத்தோடு எவரும் கேட்டதாக நினைவில்லை.

இக்கட்டுரையை எழுதிய கணினியும் பழையதாக வாங்கப்பட்டதே. புதியது வாங்கும் நிலையில் நானோ என் பெற்றோரோ இருந்ததில்லை. சென்ற தவணை விடுமுறையில் அது நின்றுவிட, எங்களூர்த் திருத்துநரிடம் கொண்டுபோனேன். தாய்ப்பலகை எரிந்துவிட்டது என்றார். வேறொரு பழைய கணினியிலிருந்து எடுத்த பலகையைப் பொருத்தி, இரண்டு நாளில் உயிர்கொடுத்துவிட்டார். அவருடைய மேசைக்கு அடியிலே ஒரு பெரிய உரப்பை நிறையப் பழுதான பலகைகளும் கம்பிச் சுருள்களும் கிடந்தன. எனது பலகையையும் அதற்குள் எறிந்தார்.

"இதெல்லாம் எங்கே போகும் அண்ணை?"

"மாதத்துக்கு ஒருக்கா ஓராள் வருவார். நிறுத்துக் காசு தந்திட்டு எடுத்துக்கொண்டு போவார்."

"அவர் என்ன செய்வார்?"

திருத்துநர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். இதுவரை எவரும் கேட்காத கேள்வி என்பது அவர் முகத்திலே தெரிந்தது. "அதை நான் கேட்கேல்லைத் தம்பி," என்றார். பின்னர் சிறிது யோசித்து, "அடுத்தமுறை வந்தாற் கேட்டுப் பாக்கிறன்," என்றார்.

அந்த ஆள் வரும் நாளை அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன்.